வானத்துத் தராசுக்கு முத்திரை குத்துவது யார்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் இரண்டு கேள்விகள் ஒரே விஷயத்தைத் தொட்டிருந்தன. ஒன்றுக்கு விரிவாகவும் மற்றொன்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறேன். பயிர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் மகன் போனில் வைத்திருக்கும் செயலி, செயற்கைக்கோள் படத்தில் எங்கள் காடு சிவப்பாக இருப்பதாகவும், பயிர் வாடுவதாகவும் காட்டுகிறது. பத்து நாள் முன்பு பச்சையாகக் காட்டியது. இனிமேல் பயிர்க் காப்பீட்டுக்கும் செயற்கைக்கோளைத்தான் பார்ப்பார்கள் என்கிறார்கள். மேலே இருந்து பார்ப்பவனுக்குக் கண் சரியாக இருக்கிறதா என்று யார் சோதிக்கிறார்கள்?
– பவானிசாகர் பகுதி வாசகர்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகை கொண்டுபோய்ப் போடுகிறவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். முகூர்த்த நாளில் நூறு கிராம் குறைந்தாலும் கை கடிக்கும். அதனால்தான் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். முத்திரை ஆய்வாளர் வெறும் கையோடு வருவதில்லை. எடை சரியாகத் தெரிந்த படிக்கற்களை வைத்துத் தராசு சொல்வதை ஒத்துப் பார்த்த பிறகே முத்திரை குத்துவார்.

செயற்கைக்கோளில் உள்ள கேமராவும் ஒரு தராசுதான். பூவை நிறுப்பதற்குப் பதிலாக வெளிச்சத்தை நிறுக்கிறது. ஆனால் அது 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே படிக்கல்லை எப்படிக் கொண்டுபோவது?

முதலில், அது எதை அளக்கிறது?

பசுமையான இலை சூரிய ஒளியில் உள்ள சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். வாடிய இலை இரண்டிலும் இதற்கு நேர்மாறாகப் போகும். கேமரா இந்த இரண்டு ஒளியையும் தனித்தனியே எண்ணாக அளக்கிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் பசுமைக் குறியீடு. என்.டி.வி.ஐ. என்று செயலிகளில் போட்டிருப்பது இதைத்தான்.

ஒரு கணக்கு. அகச்சிவப்பு 4000, சிவப்பு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 3500, கூட்டினால் 4500. வகுத்தால் 0.78. இது செழிப்பான பயிர். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

தராசு ஏன் கெடுகிறது?

ராக்கெட்டில் ஏறும்போது ஏற்படும் அதிர்வு, விண்வெளியில் ஓயாமல் படும் புறஊதாக் கதிர், கண்ணாடியில் படியும் மெல்லிய படலம், வருடக்கணக்கில் வேலை செய்த உணரியின் தேய்மானம் என்று காரணங்கள் பல. கேமரா ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. கண்ணில் புரை வளர்வது போல மெல்ல மெல்ல மாறும். மெல்ல மாறுவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அமெரிக்காவின் டெரா செயற்கைக்கோள் 1999 டிசம்பரில் ஏவப்பட்டது. அதன் மோடிஸ் கேமரா தந்த கணக்கை வைத்துப் பார்த்தபோது, வட அமெரிக்காவில் செடிகொடிகளின் பசுமை ஆண்டுக்கு ஆண்டு குறைவது போலத் தெரிந்தது. அதே மாதிரி கேமராவோடு 2002-இல் போன அக்வா என்ற செயற்கைக்கோள் அப்படிக் காட்டவில்லை. 2012-இல் வந்த ஓர் ஆய்வு காரணத்தைச் சொன்னது. டெராவில் நீல ஒளியை அளக்கும் பகுதி தேய்ந்திருந்தது. காற்றில் எவ்வளவு தூசிமூட்டம் இருக்கிறது என்று கணக்கிட நீல ஒளியைத்தான் பயன்படுத்துவார்கள். அந்தக் கணக்கு தப்பியதால் பசுமைக் கணக்கும் தப்பியது. காடு காயவில்லை, தராசுதான் தேய்ந்திருந்தது. அடுத்த பதிப்பில் இதைத் திருத்தினார்கள்.

முத்திரை குத்தும் நான்கு வழிகள்

*ஒன்று, கூடவே கொண்டுபோகும் விளக்கு.* நம் இஸ்ரோ 2011 ஏப்ரலில் ரிசோர்ஸ்சாட்-2, 2016 டிசம்பரில் ரிசோர்ஸ்சாட்-2ஏ ஆகியவற்றை ஏவியது. நாட்டின் பயிர்ப் பரப்புக் கணக்குகளுக்குப் பெரிதும் உதவுபவை இவை. இவற்றின் கேமராக்களுக்குள்ளேயே சிறிய எல்.இ.டி. விளக்குகள் உண்டு. அவற்றை எரியவிட்டு, உணரி முன்பு சொன்ன எண்ணையே இப்போதும் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 வேறு மாதிரி. மாதத்துக்கு ஒருமுறை போல ஒரு வெள்ளைத் தகட்டை கேமராவின் முன் கொண்டுவந்து, அதில் படும் சூரிய ஒளியை அளந்து பார்க்கும். ஆனால் விளக்கும் மங்கலாம், தகடும் பழுப்பேறலாம். அதனால் இது மட்டும் போதாது.

*இரண்டு, தரையில் உள்ள படிக்கல்.* திம்பம் ஏறி மைசூர் தாண்டி வடக்கே போனால் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே வருகிறது. அமிர்தமகால் மாடுகளின் மேய்ச்சல் நிலங்கள் இருந்த வட்டாரம். மழை குறைவு, தரை சமம். இஸ்ரோ தன் கேமராக்களைச் சரிபார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. குஜராத்தில் கட்ச் ரண் பக்கம் தேசல்பர் இன்னொன்று. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நாளில் விஞ்ஞானிகள் கருவிகளோடு அங்கே நிற்பார்கள். பெரும்பாலும் காலை பத்தரை மணியை ஒட்டிய நேரம். ஒளி திரும்பும் அளவு துல்லியமாகத் தெரிந்த வெள்ளைத் தகடு ஒன்றை முதலில் அளப்பார்கள். பிறகு தரையில் நடந்து நடந்து மண்ணிலிருந்து திரும்பும் ஒளியை அளப்பார்கள். காற்றில் தூசியும் ஈரமும் எவ்வளவு என்று இன்னொரு கருவி சூரியனைப் பார்த்துச் சொல்லும். இவற்றை வைத்து, ‘இந்த நிமிடத்தில் மேலே போய்ச் சேர வேண்டிய வெளிச்சம் இவ்வளவு’ என்று கணக்குப் போடுவார்கள். கேமரா சொன்ன எண் அதற்குப் பொருந்தவில்லை என்றால், கேமராவின் கணக்கைத் திருத்துவார்கள்.

*மூன்று, மாறாத பொருள்.* லிபியாவின் மணல்வெளி ஒன்றை உலக நாடுகள் பலவும் இதற்குப் பயன்படுத்துகின்றன. அங்கே செடி முளைப்பதில்லை, மழை பெய்வது அபூர்வம். இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரே மாதிரி இருக்கும். இதையும் மிஞ்சியது நிலா. அங்கே காற்றும் இல்லை, மேகமும் இல்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட்-8, மாதம் ஒருமுறை பௌர்ணமியை ஒட்டித் திரும்பி நிலாவை அளந்துவிட்டு மறுபடி பூமியைப் பார்க்க வரும்.

*நான்கு, பக்கத்துக் கடைத் தராசு.* ஒரே இடத்தை ஒரே நாளில் இரண்டு செயற்கைக்கோள்கள் பார்த்தால் இரண்டின் எண்களையும் ஒப்பிடுவார்கள். டெராவின் குறை தெரிந்ததில் அக்வாவுக்கும் பங்கு உண்டு.

இத்தனையும் செய்த பிறகு பிழை எவ்வளவு? சென்டினல்-2 அளக்கும் வெளிச்சத்தில் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 3 சதவீதத்துக்குள் கொண்டுவருவது இலக்கு. மேலே சொன்ன கணக்கில் அகச்சிவப்பு மட்டும் 5 சதவீதம் குறைந்து 3800 ஆனாலும் குறியீடு 0.78-இலிருந்து 0.77-க்குத்தான் வரும். எனவே, நல்ல பயிரைச் சிவப்பாகக் காட்டும் அளவுக்குக் கேமரா கெட்டிருப்பது அரிது. தப்பு பெரும்பாலும் கேமராவுக்கும் உங்கள் போனுக்கும் இடையில்தான் நடக்கிறது.

நான் செய்த தப்பு

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு விவசாயியின் செலவில். 2022 பிப்ரவரி முதல் வாரம். கீழ்பவானி பாசனத்தில் கரும்பு வைத்திருந்த ஒரு தம்பி அலுவலகத்துக்கு வந்தார்.

“ஏனுங்க சார், கரும்பு பச்சப்பசேல்னுதான் நிக்குதுங்க. போன்ல மட்டும் செகப்பா காட்டுதுங்களே?”

முந்தைய மாதம் 0.78 என்று இருந்தது 0.54 ஆகியிருந்தது. எனக்கு அன்று திட்ட வேலை தலைக்கு மேல். காட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. போனை மட்டும் பார்த்துவிட்டு, தழைச்சத்து குறைந்திருக்கலாம், ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்போது கரும்புக்கு ஏழு மாதம். நட்ட 30, 60, 90-ஆம் நாளோடு யூரியாவை முடித்துக்கொள்ளுங்கள், பிந்திப் போட்டால் சாறில் சர்க்கரை குறையும், கரும்பு சாயும் என்று கூட்டம் கூட்டமாகப் பேசியவனும் நான்தான்.

கோடைக்காற்றில் அவருடைய கரும்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வெட்டுக்கூலி கூடியது. முழுக்க யூரியாதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் பேச்சுக்கு அதில் பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. “பரவாயில்லீங்க சார், நீங்க என்ன வேணும்னா சொன்னீங்க” என்றார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு கோவையில் நடந்த ஒரு பயிற்சியில் காரணம் தெரிந்தது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைத் தரும் முறையில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். மிக இருண்ட இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதை வெட்டாமல் காப்பாற்றுவதற்காக, எல்லா எண்ணோடும் 1000 கூட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பயன்படுத்துகிறவர்கள் அந்த 1000-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று முறையாக அறிவித்தும் இருந்தார்கள். அந்தச் செயலியை நடத்தியவர்கள் கழிக்கவில்லை.

இப்போது பழைய கணக்குக்கு வாருங்கள். 4000 என்பது 5000 ஆகும். 500 என்பது 1500 ஆகும். கழித்தால் அதே 3500. கூட்டினால் 6500. வகுத்தால் 0.54. பயிரும் அதேதான், கேமராவும் அதேதான். கூடையோடு நிறுத்துவிட்டு, கூடை எடையைக் கழிக்காமல் பில் போட்டது போல ஆகிவிட்டது.

அன்றைக்கு அந்தத் தம்பியின் கரும்புக்கு அடுத்து இருந்த தென்னந்தோப்பையும் அதே படத்தில் பார்த்திருந்தால் போதும், அதுவும் சேர்ந்து விழுந்திருப்பது தெரிந்திருக்கும். கரும்பும் தென்னையும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வாடுமா? வாடாது. அப்போதே சந்தேகம் தராசின் மேல் திரும்பியிருக்கும்.

உங்கள் ஊரிலேயே ஒரு படிக்கல்

லிபியா மணல்வெளியை வைத்து விஞ்ஞானிகள் செய்வதை நீங்களும் செய்யலாம். உங்கள் காட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குறையில்லாத பழைய தென்னந்தோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஏக்கருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதன் பசுமைக் குறியீட்டை ஒவ்வொரு முறையும் உங்கள் காட்டின் எண்ணோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் படத்தில் கோளாறு என்று சந்தேகப்படலாம். தோப்பு அப்படியே இருக்க உங்கள் காடு மட்டும் இறங்கினால், உடனே வரப்பில் இறங்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள தேதி மழை பெய்துகொண்டிருந்த வாரம். உங்கள் காட்டுக்கு மேற்கே உள்ள தென்னையும் அதே படத்தில் மங்கியிருக்கிறது. மேக நிழலோ மூட்டமோதான் காரணமாக இருக்க வேண்டும். மூட்டம் சிவப்பு எண்ணை 500-இலிருந்து 900-க்கு ஏற்றி, அகச்சிவப்பைச் சற்றுக் குறைத்து 3800 ஆக்கினாலே 0.78 என்பது 0.62-க்கு வந்துவிடும். உரமும் மருந்தும் எதுவும் செய்ய வேண்டாம். அடுத்த தெளிவான படம் வரும்வரை பொறுங்கள். அதற்குள் காட்டில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் செடியைப் பிடுங்கிக் கிழங்கு அழுகல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். மழைக்குப் பின் அது எப்படியும் பார்க்க வேண்டியதுதான். இன்னொன்று: தை, மாசியில் அறுவடைக்கு முன் மஞ்சள் இலை தானே காயும். அப்போது படம் சிவந்தால் பயப்பட வேண்டாம்.

ஒரு கட்டத்துக்குள் எத்தனை சென்ட்?

படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஓர் எண்தான். சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். ஓர் ஏக்கரில் 40 கட்டம். ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-3 கேமராவில் ஒரு கட்டம் சுமார் பதின்மூன்றரை சென்ட். அதே செயற்கைக்கோளின் ஏவிஃப்ஸ் கேமராவில் ஒரு கட்டமே முக்கால் ஏக்கருக்கு மேல். மோடிஸில் நுட்பமான கட்டமே 15 ஏக்கர். அரை ஏக்கரில் பூச்செடி வைத்திருப்பவரின் காடு பெரிய கட்டத்துக்குள் விழுந்தால், பக்கத்து வாழையும் வரப்பும் கிணற்று மேடும் சேர்ந்துதான் அந்த எண் வரும். தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தட்டில் உங்கள் பூவோடு பக்கத்துக்காரர் பூவும் கலந்து கிடந்தால் என்ன செய்வது? வயலின் ஓரக் கட்டங்களை விட்டுவிட்டு நடுக் கட்டங்களை மட்டும் பாருங்கள்.

காப்பீட்டுக்கு வருவோம்

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிஃப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூல் கணக்கிடும்போது, செயற்கைக்கோள் உள்ளிட்ட தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத எடை தர வேண்டும் என்று மத்திய அரசு வகுத்திருக்கிறது. மீதி, வயலில் அறுத்து நிறுக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வரும். ஆக, வானத்துத் தராசு தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. தரைத் தராசும் கூடவே இருக்கிறது. அந்தத் தரைத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் உங்களுக்கும் வேலை உண்டு.

1. அடங்கலில் உங்கள் சர்வே எண்ணும், பயிரும், பரப்பும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பருவத் தொடக்கத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். நெல் போட்ட இடம் ஏட்டில் தரிசு என்று இருந்தால் எந்தச் செயற்கைக்கோளும் காப்பாற்றாது.

2. உங்கள் கிராமத்தில் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளைக் கேட்டுவைத்து அங்கே போய் நில்லுங்கள். அறுத்தது, அடித்தது, நிறுத்தது எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள்.

3. நடவு, பூப்பு, அறுவடை ஆகிய மூன்று சமயமாவது தேதியும் இடமும் பதிவாகும்படி போனில் படம் எடுத்துவையுங்கள்.

4. ஆலங்கட்டி மழை, மண்சரிவு போல உங்கள் வயலை மட்டும் தாக்கும் இடர் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. செயலிக்குப் பணம் கேட்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் செயற்கைக்கோள்? எந்தத் தேதிப் படம்? மேகமும் மூட்டமும் நீக்கிய கணக்கா? பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேகம்தான். அப்போது செயற்கைக்கோள் நெல்லை எப்படிப் பார்க்கும்?
– கொடிவேரி பாசன வாசகர்

பதில்: அதற்கு ரேடார் செயற்கைக்கோள் உண்டு. அது சூரிய ஒளியை நம்பியிருப்பதில்லை. தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகம் அதற்குத் தடையில்லை, இரவிலும் பார்க்கும். 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1ஏ இந்த வகை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து, ரேடார் படங்களைக் கொண்டு நம் மாநிலத்தின் நெல் பரப்பை மதிப்பிட்டு வந்திருக்கிறது. ரேடாருக்கும் முத்திரை தேவைதான். மூன்று உலோகத் தகடுகளை வீட்டு மூலை போலச் சேர்த்துத் தரையில் வைப்பார்கள். அது எவ்வளவு அலையைத் திருப்பி அனுப்பும் என்பது முன்கூட்டியே கணக்குப்படி தெரியும். ரேடார் அந்த எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். அடர்ந்து ஒரே சீராக இருக்கும் அமேசான் காடும் அதற்கு ஒரு படிக்கல்.

சென்ற மாதம் அந்தக் கரும்புத் தம்பி மறுபடி அலுவலகத்துக்கு வந்திருந்தார். போனை நீட்டவில்லை. ஒரு நோட்டை நீட்டினார். ஒரு பக்கம் அவருடைய காட்டின் எண், மறுபக்கம் பக்கத்துத் தென்னந்தோப்பின் எண், தேதிவாரியாக. “இந்த வாரம் ரெண்டும் எறங்கியிருக்குதுங்க சார், நான் யூரியா போடல” என்று சிரித்தார். இரண்டு பேரும் அவருடைய வண்டியிலேயே ஏறிக் காட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கரும்பு நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் கேள்விகளை அனுப்பும்போது பயிர், வயது, பாசனம், படத்தின் தேதி நான்கையும் மறக்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.